தாழ்வாரத்துத் தடுப்புப் பலகை

கல்யாணமாகிக் கப்பலில் மலாயாவுக்கு வந்து இறங்கிய புதிது. என் கணவர் தாப்பாவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். எங்கள் பலகை வீட்டின் முன்பக்கம் வெயில் சுட்டது. ஒரு தாழ்வாரம் இறக்கித் தர டவுனிலிருந்து சீனத் தச்சர் ஒருவரை அமர்த்தினார்.

“அவருக்குத் தமிழ் வராது. மலாய்ல சரின்னா ‘போலே’ன்னு சொல்லு, வேணாம்னா ‘தாபோலே’ன்னு சொல்லு, போதும்” என்று சொல்லிவிட்டுச் செம்மண் பாதை வழியாக வேலைக்குப் போய்விட்டார்.

தச்சர் தூண் நட்டார், கூரை போட்டார். எல்லாவற்றுக்கும் ‘போலே’ என்றேன். முன்பக்கத் தடுப்புப் பலகையை மார்பளவு உயரத்தில் அடிக்கத் தொடங்கியபோது மட்டும் ‘தாபோலே’ என்றேன். அவர் ஏன் என்பதுபோல் பார்த்தார். எனக்கு அதற்கு மேல் வார்த்தை தெரியாது. பாயை விரித்து உட்கார்ந்து, பலகைக்கு அப்பால் இருந்த செம்மண் பாதையைக் கையால் காட்டினேன். அவரும் சற்றுத் தள்ளிக் குந்திப் பார்த்தார். பாதை தெரியவில்லை. சிரித்துக்கொண்டே பலகையைக் கழற்றி முழங்கால் உயரத்துக்கு இறக்கினார்.

சாயங்காலம் வந்த கணவர், “உசரமால்ல கேட்டிருந்தேன்?” என்று என்னிடம் சொல்லிவிட்டு, தச்சரிடம் மலாயில் விசாரித்தார். அவர் பதில் சொன்னதும் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

“என்ன சொன்னாரு?”

“நான் வீட்டுக்கு வர்றத நீ உக்காந்தே பாக்கணுமாம்.”

அதுவரை எங்களுக்குள் அதிகம் பேச்சு இருந்ததில்லை. அன்று அவர் சட்டையைக்கூட மாற்றாமல் என் பக்கத்தில் பாயில் உட்கார்ந்தார்.

“நல்லாத்தான் தெரியுது” என்றார்.