கண்ணை மூடிப் போட்ட முடிச்சு

மும்பை செம்பூரில் ஒரு கண் ஆஸ்பத்திரியில் காத்திருந்தபோது ஒரு பெரியவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அறுபது வயதிருக்கும், வெயிலில் கறுத்த முகம். கண்களை இறுக மூடிக்கொண்டு தூண்டில் முள்ளில் நைலான் நரம்பைக் கட்டிக்கொண்டிருந்தார். இழுத்தால் அவிழ்ந்துவிடும், மறுபடியும் கட்டுவார். விரல் நுனியெல்லாம் முள் குத்திய காயம்.

"அண்ணாச்சி, முடிச்சு சரியா விழுந்திருக்கான்னு பாத்துச் சொல்லுதியளா?" என்றார்.

"கண்ணைத் திறந்துட்டே கட்டலாமே?"

"ஒரு கண்ணு போயிட்டு. மத்ததும் நிக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நாப்பது வருஷமா ஞாயித்துக்கிழமைன்னா ஐரோலி பாலத்தடியிலதான் இருப்பேன். எனக்கு வேற சந்தோஷமே கிடையாது. மீன் கடிச்சா விரலே சொல்லிரும், கண்ணு வேண்டாம். இந்த முடிச்சுதான் வரமாட்டேங்கு. மகன்ட்ட கேட்டா, வீட்டுல கெடன்னு சொல்லுதான்."

முடிச்சு தளர்வாக இருந்தது. ஆனாலும், "சரியா இருக்கு" என்றேன்.

அவர் இழுத்தார், அவிழ்ந்தது. கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்.

"நீங்களும் இப்படிச் சொன்னா நான் யார்ட்ட போய்க் கேக்க?"

அதற்குள் அவரை உள்ளே அழைத்துவிட்டார்கள். அதன்பின் நான் அவரைப் பார்க்கவில்லை. தளர்ந்திருக்கிறது என்று சொல்ல அன்று எனக்கு ஏன் வாய் வரவில்லை என்று இன்றும் தெரியவில்லை.