செல்லையாவுக்கு நான் போடாத கடிதம்

இந்த ஊரில் நாடகம் பார்க்க வருகிறவர்கள் முதல் வேலையாகத் தங்கள் கோட்டைக் கழற்றி என்னிடம் கொடுக்கிறார்கள். நான் ஒரு பித்தளை டோக்கனைக் கொடுத்துவிட்டு, அதே எண் போட்ட கொக்கியில் கோட்டை மாட்டுகிறேன். நம் பக்கம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு நாடகம் என்றால் ஜனங்கள் பாயும் சாக்கும் போர்வையும் சுமந்து வந்து இடம் பிடிப்பார்கள். இங்கே சுமந்து வந்ததையெல்லாம் வாசலில் இறக்கிவைத்துவிட்டு, கைவீசி உள்ளே போய், வருகிற இருமலைக்கூட அடக்கிக்கொண்டு உட்காருகிறார்கள். டெல்லியில் மூன்று வருஷம் நாடகம் படித்துப் பட்டம் வாங்கியவன் நான். அதற்கு மேலும் படிக்க உதவித்தொகையில் இங்கிலாந்து வந்தவன். மேடைக்கு நாற்பதடி தூரத்தில் நின்று கோட்டு மாட்டுகிறேன். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

ஒருநாள் ஒரு வயதான அம்மாள் என்னைப் பற்றி விசாரித்தார். நானும் நடிகன்தான் என்றேன். எங்கள் ஊரில் பாதிப்பேர் பாயை விரித்துப் படுத்துக்கொண்டே நாடகம் பார்ப்பார்கள் என்று பெருமையாகச் சொன்னேன். அவர் முகத்தில் அத்தனை பரிதாபம். "கவலைப்படாதீர்கள், போகப்போக நன்றாக நடிக்க வந்துவிடும்" என்று என் கையைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனார்.

இரண்டு வருஷத்துக்கு முன் ஓர் ஆடிஷனுக்குப் போனேன். கற்றதையெல்லாம் கொட்டி நடித்தேன். இயக்குநர் அம்மாள் "மிகவும் சுவாரஸ்யம். தகவல் சொல்கிறோம்" என்றார். சொல்வார்கள் என்று நம்பி மூன்று மாதம் தபால்காரனுக்காக வாசலில் நின்றேன். என்னோடு வேலை செய்யும் மார்கரெட்தான் பொறுக்கமாட்டாமல், "அட அப்பாவி, அப்படிச் சொன்னால் இல்லை என்று அர்த்தம்" என்றாள். தலையில் அடித்துக்கொண்டேன். இது எனக்கா தெரியாது! என் அக்காவைப் பெண் பார்க்கக் குளத்தூரிலிருந்து வந்தவர்கள், வைத்த காராச்சேவையும் காப்பியையும் முடித்துவிட்டு, "ஊருக்குப் போயி தாக்கல் சொல்லி விடுதோம்" என்று எழுந்தார்கள். வண்டி தெரு திரும்பும் முன்பே எங்கள் அய்யா சொல்லிவிட்டார், "அவிய வரமாட்டாவ. வேற எடம் பாப்போம்." நம் கரிசல் காட்டில் யாரும் முகத்துக்கு நேரே வேண்டாம் என்று சொல்வதில்லை. தாக்கல், அதாவது தகவல், வராவிட்டால் வேண்டாம் என்று அர்த்தம், அவ்வளவுதான். பச்சைப் பிள்ளைக்கும் புரிகிற இந்தக் கணக்கு, வெள்ளைக்கார அம்மாள் வாயிலிருந்து வந்தபோது எனக்குப் புரியாமல் போனது.

இப்போது செல்லையாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். பெயரை எழுதும்போதே வயிறு எரிகிறது. அவனும் நானும் ஒரே பெஞ்சில் இருந்து படித்தோம். எட்டாவதோடு நிறுத்திவிட்டுக் கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீசில் குச்சிக்கு மருந்து முக்கப் போனான். நான் டெல்லிக்குக் கிளம்பியபோது அய்யா, "ஏலே, கூத்துக் கட்டதுக்கும் ஒரு காலேஜா? நம்மூர்ல எவம்ல படிச்சிட்டுக் கட்டுதான்?" என்று கத்தினார். பஸ் ஏற்றிவிட வந்தவன் செல்லையா மட்டும்தான்.

பட்டத்தோடு நான் திரும்பிய வருஷம், கொடைக்கு நாடகம் போடும் பொறுப்பை ஊர் என்னிடம் கொடுத்தது. பள்ளிக்கூடத்தில் மூன்று வாரம் ஒத்திகை வைத்தேன். நம் ஊர் நாடகத்துக்கு மூன்று வாரம் ஒத்திகை! "அடுத்தவன் பேசும்போது நீ காது கொடுத்துக் கேக்கணும், அதான் நடிப்பு" என்று தொண்டை வறளச் சொன்னேன். போலீஸ்காரன் வேஷம் செல்லையாவுக்கு. ஒருநாள்கூட அவன் ஒத்திகைக்கு வரவில்லை. ஆள்விட்டுத் திட்டினேன்.

நாடகத்தன்று நான்தான் கதாநாயகன். தாயை இழந்த சோகத்தை, டெல்லியில் படித்தபடி, கூட்டத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து தணிந்த குரலில் பேசினேன். "ஏலே, ஒன் முதுகையா பாக்க வந்தோம்? திரும்புலே!" என்று ஒருத்தர் கத்த, ஊரே கத்தியது. கலை தெரியாத ஜனம் என்று நினைத்துக்கொண்டு நான் திரும்பவே இல்லை. அந்த நேரம் பார்த்து, தான் வரவேண்டிய கட்டமே இல்லாதபோது செல்லையா தொப்பியோடு மேடைக்கு வந்தான். கூட்டத்தைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். "அண்ணாச்சி, கொஞ்சம் திரும்பி அழுதிருங்க. இல்லேன்னா முதுகக் காட்டுன கேசுல உள்ள வைக்கச் சொல்லுதாவ" என்றான். கைத்தட்டலில் பந்தல் அதிர்ந்தது. கதை கெடாமல் என் தோளைத் தொட்டு அவனே திருப்பியும் விட்டான். அன்று படப்பிடிப்புக்கு இடம் பார்க்க மெட்ராஸிலிருந்து வந்த சினிமாக்காரர் ஒருவர் முன்வரிசையில் இருந்தார். நாடகம் முடிந்ததும் மேடைக்குப் பின்னால் வந்தார். நான் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு எழுந்தேன். "அந்தப் போலீஸ்காரர் எங்கே?" என்று கேட்டார்.

அப்புறம் நான் இங்கே வந்துவிட்டேன். அந்தச் சினிமாக்காரர் படம் தொடங்குவதற்குள் வருஷங்கள் ஓடின. அதில் செல்லையாவுக்கு ஒரு சீன். போன வருஷம் அவனிடமிருந்து கடிதம் வந்தது. "மாப்ளே, இப்பம் பெரிய வேசம் ஒண்ணு வந்திருக்கு. பயமா இருக்கு. எல்லாரும் எங்க படிச்சேன்னு கேக்காவ. இத விட்டுட்டு, ஒன்னிய மாதிரி ரெண்டு மூணு வருசம் படிச்சிட்டு வந்து நடிக்கட்டா? நீ என்ன சொல்லுதியோ அதச் செய்யுதேன். மாசக் கடைசிக்குள்ள எழுது, அவியளுக்குப் பதில் சொல்லணும்."

நான் உத்தமன் இல்லை. வெளிநாட்டுத் தபால்தாளான ஏரோகிராம் ஒன்றை எடுத்து, "கட்டாயம் படி. அடிப்படை இல்லாத நடிப்பு நிலைக்காது" என்று அழகான தமிழில் எழுதினேன். எழுதியதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அந்த வேஷம் அவன் கையைவிட்டுப் போக வேண்டும் என்பதற்காகத்தான் எழுதினேன். ஒட்டி, முகவரி எழுதி, கோட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். வேலைக்குப் போகும் வழியில் தபால்பெட்டி. தினமும் அதன் முன் நின்றேன். படிக்காமலே இந்தப் போடு போடுகிறவன், படித்தும்விட்டால்? அந்த நினைப்பு வந்ததும் கை பின்வாங்கும். படிக்காதே என்று எழுதவும் கை வரவில்லை. அப்படி எழுதினால் நான் படித்தது வீண் என்று நானே கையெழுத்துப் போட்டுக் கொடுத்த மாதிரி. மாதம் முடிந்தது. போட மனசு வராமலே போய்விட்டது.

சென்ற வாரம் அவனுடைய அடுத்த கடிதம். உள்ளே பத்திரிகையிலிருந்து கத்தரித்த அவன் படம்.

"மாப்ளே, ஒங்கிட்ட இருந்து தாக்கல் வரல. புரிஞ்சுக்கிட்டேன். படிக்க வேண்டாம்னு சொல்லுத. நீ படிச்ச படிப்ப நீயே எப்படிக் குறை சொல்லுவ? அதான் தைரியமா நடிச்சிட்டேன். கோவில்பட்டில படம் ஓடுது, விளாத்திகுளத்துல இருந்து பஸ் பஸ்ஸா வாராவ. எல்லாம் நீ சொன்ன புத்தி. எங்க படிச்சேன்னு கேட்டா ஒன் பேரத்தான் சொல்லுதேன். அந்த மூணு வாரமும் வேல விட்டு வந்து பள்ளிக்கூட ஜன்னலுக்கு வெளிய நின்னேன். மேலெல்லாம் மருந்து நாத்தம், உள்ள வர வெக்கம். அடுத்தவன் பேசுதப்பம் கேளுன்னியே, அது ஒண்ணுதான் இன்னைக்கும் எங்கிட்ட இருக்கு."

நாடகப் படிப்பு நடிகனுக்கு உதவுமா என்று ஊரில் யாராவது உங்களைக் கேட்டால், உதவும் என்று சொல்லுங்கள். என் படிப்பு செல்லையாவுக்கு உதவியிருக்கிறது. கேள், கேள் என்று கற்றுக்கொடுத்த நான், அன்று ஊரே கத்தியதைக் கேட்கவில்லை. அவன் கேட்டான். எனக்கு அழுகை வந்தது. பொறாமை மட்டும் போகவில்லை. படத்தைப் பார்த்தால் பாவி, மூக்கும் முழியுமாக நன்றாகத்தான் இருக்கிறான்.

சனிக்கிழமை மதியக் காட்சி முடிந்து ஒவ்வொருவராக வந்து டோக்கனைக் கொடுத்துக் கோட்டை வாங்கிப் போனார்கள். மார்கரெட்டும் போனாள். கொக்கிகள் எல்லாம் காலியாகி, கடைசியில் என் கோட்டு ஒன்றுதான் தொங்கியது. அதன் பையில் அந்த ஏரோகிராம் இன்னும் இருக்கிறது. முன்பக்கம் கோவில்பட்டி முகவரி, பின்பக்கம் இந்த ஊர் முகவரி. எல்லாக் கோட்டுக்கும் டோக்கன் கொடுக்கிறவன் நான், என் கோட்டுக்கு மட்டும் டோக்கன் கிடையாது; அதிலிருக்கும் கடிதத்தைக் கேட்டு இனி யாரும் வரப்போவதில்லை.