விளிம்புவரை ஊற்றிய தேநீர்

அந்த ஞாயிறு ஒஸ்லோவின் வெஸ்ட்லியில், எங்கள் கால்பந்து அணியின் கப்டன் வீட்டில் இருந்தவர்கள்: கப்டன். மட்டக்களப்பு, பஸ் ஓட்டுகிறவர். அடுத்தது எங்கள் கோல்காப்பாளர். யாழ்ப்பாணம், ஆஸ்பத்திரியில் சமையல். பிறகு கோயம்புத்தூர்த் தம்பி, கொம்பியூட்டர் வேலை. தம்பி என்றாலும் நாற்பத்திநாலு வயது. அணியில் அவர்தான் இளையவர். பிறகு நான். முதியோர் இல்லத்தில் கிளீனிங். கடைசியாக வந்தவர் எங்கள் பயிற்சியாளர், உஸ்பெக்கிஸ்தான்காரர்.

அவரை மறிக்கத்தான் கூடியிருந்தோம். லோறென்ஸ்கூக்கில் ஒரு கழகம் அவரைக் கேட்டிருந்தது. அங்கே ஆட்கள் ஓடுவார்களாம். அவர் போனால் எங்கள் அணி கலையும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து என்ன செய்வது என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

தன் ஊரில் அவர் முன்வரிசை ஆட்டக்காரர். கோல் அடிப்பது மட்டும்தான் வேலை. முழங்கால் போன பிறகு பிள்ளைகளைப் பழக்கினார். பிறகு மனைவியின் வேலைக்குப் பின்னால் ஒஸ்லோவுக்கு வந்தார். கிழமை நாளில் பாடசாலை வான் ஓட்டுகிறார். ஞாயிறில் எங்களைப் பழக்குகிறார். இரண்டு வருடமாக. எதிரியைத் தடுப்பது எப்படி என்று கேட்டால், "அவர்களைவிடக் கூடக் கோல் அடியுங்கள்" என்பார். நாங்கள் இரண்டு அடிப்போம். ஏழு வாங்குவோம். என்னைச் சுவர் என்று கூப்பிடுவார். எனக்குப் பெருமையாக இருந்தது. பிறகுதான் விளக்கம் சொன்னார். சுவரும் ஓடாது.

பயிற்சி முடிந்தால் பெரிய ஃபிளாஸ்க் ஒன்றைத் திறப்பார். பச்சைத் தேநீர். கைப்பிடி இல்லாத சின்னக் கிண்ணங்கள். இரண்டு மிடறுதான் ஊற்றுவார். பிறகு அந்தக் கிண்ணங்களையே வாங்குப் பலகையில் அடுக்கி, இது தடுப்பவன், இது கோல்காப்பாளன் என்று தன் பழைய கோல்களைக் காட்டுவார். கோல் விழும்வரை யாரும் குடிக்க முடியாது.

"உவரின்ரை ஊரிலை தண்ணிக்குத் தட்டுப்பாடோ?" என்று கோல்காப்பாளர் தமிழில் கேட்பார், முகத்தில் சிரிப்பில்லாமல்.

"ஃபிளாஸ்க் நிறைய இருக்கு அண்ணா. நமக்குத்தான் தர மாட்டேங்குறாரு," என்பார் தம்பி.

மறுபடி ஊற்ற வந்தால் கிண்ணத்தைக் கையால் மூடுவோம். முதல் தடவை, "போதும்" என்று சொல்வது எங்கள் பழக்கம். வற்புறுத்தினால் வாங்குவோம். அவர் வற்புறுத்துவதில்லை. கஞ்சன் என்று முடிவு கட்டினோம்.

ஆகவே அந்த ஞாயிறு கப்டன் சொன்னார்: "நம்மட வீட்ட விருந்தாளிய எப்படிக் கவனிக்கிற எண்டு மனிசன் பார்க்கட்டும்."

வீட்டில் இருந்ததில் பெரிய கோப்பையை எடுத்தார். பால்தேநீர், ஏலக்காய் போட்டது. விளிம்புவரை ஊற்றினார். போதாதென்று இன்னும் கொஞ்சம். தட்டில் வழிந்தது. இரண்டு கையாலும் நீட்டினார்.

பயிற்சியாளர் கோப்பையைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். நாங்கள் எல்லோரும் சிரித்துக்கொண்டு நின்றோம். அவர் நின்றபடியே குடித்தார். சூட்டோடு, முழுக்க. கோப்பையை வைத்தார். ஒவ்வொருவருக்கும் கை கொடுத்தார். சப்பாத்தைப் போட்டுக்கொண்டு போய்விட்டார். நாங்கள் கேட்க இருந்ததைக் கேட்கவே இல்லை.

"வடையைக்கூடத் தொடேல்லை. லோறென்ஸ்கூக்குக்கு முடிவெடுத்திட்டார்," என்றார் கோல்காப்பாளர்.

"ஏலக்காய் கூடிப்போச்சோ?" என்றார் கப்டன். அவருக்கு அந்தக் கவலை.

பயிற்சியாளரின் மனைவி நான் வேலை செய்யும் இல்லத்தில்தான் தாதி உதவியாளர். திங்கள் காலை எனக்கு வணக்கம் சொல்லவில்லை. நான் தரை துடைத்துக்கொண்டே போனேன். அவர் நின்ற இடம் வந்தது. இரண்டு பேருக்கும் நோர்வேஜிய மொழி அரைகுறை. அது போதும்.

"அவர் வேண்டாம் என்றால் வாயால் சொல்லியிருக்கலாம்," என்றார்.

"யார் வேண்டாம் என்றது? நிற்கச் சொல்லத்தான் கூப்பிட்டோம்."

"கோப்பையை நிரப்பினீர்கள்."

"ஓம். நிரப்பினோம்."

அவர் துடைப்பத்தை என் கையிலிருந்து வாங்கிச் சுவரில் சாய்த்தார். நின்று கேட்க வேண்டிய விஷயம் என்று விளங்கியது. அவர்கள் ஊரில் விருந்தாளிக்குக் கொஞ்சம்தான் ஊற்றுவார்களாம். இரு, திரும்பத் திரும்ப ஊற்றுவேன் என்று அர்த்தம். நிரப்பிக் கொடுத்தால், குடித்துவிட்டுப் போ.

"ஊரில் அவருக்கு முழங்கால் பழுதானபோது கழகத் தலைவர் அவரைக் கூப்பிட்டார்," என்றார். "ஒன்றும் பேசவில்லை. கிண்ணத்தை நிரப்பினார். அதோடு அவருடைய ஆட்டம் முடிந்தது. நேற்று இரண்டாவது தடவை."

நான் வாளியைப் பார்த்தேன். அதுவும் நிரம்பித்தான் இருந்தது.

அன்று பின்னேரம் நான்கு பேரும் மோர்டென்ஸ்ருட்டில் அவர்கள் வீட்டுக்குப் போனோம். ரயிலில் நகரத்தின் ஒரு மூலையிலிருந்து மறு மூலை. வழியெல்லாம் கப்டன் மணிக்கட்டைச் சரித்துச் சரித்து ஊற்றப் பழகினார்.

"என்ன அண்ணை, பஸ் திருப்புறியளோ?" என்றார் கோல்காப்பாளர்.

"வாயப் பொத்து மச்சான். இது பஸ்ஸ விடக் கஷ்டம்."

பயிற்சியாளர் கதவைத் திறந்தார். முகத்தில் ஒன்றும் இல்லை. உள்ளே விட்டார். விரிப்பில் இருந்தோம். மனைவி கேத்திலில் தேநீர் கொண்டுவந்து வைத்தார். கப்டன் கேட்காமலே கேத்திலை எடுத்தார். பயிற்சியாளரின் கிண்ணத்தில் ஊற்றினார். ஒரு மிடறும் இல்லை. அடி நனைந்தது, அவ்வளவுதான்.

பயிற்சியாளர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இது என்ன, கண்ணுக்கு விடும் மருந்தா?" என்றார்.

யாரும் சிரிக்கவில்லை. அவர் குடித்தார். கிண்ணத்தை நீட்டினார். கப்டன் ஊற்றினார். மறுபடி நீட்டினார். மறுபடி ஊற்றினார். நாலாவது தடவை குடித்துவிட்டு மனைவி பக்கம் திரும்பினார். எங்களுக்கும் விளங்கட்டும் என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார்.

"லோறென்ஸ்கூக்குக்கு ஃபோன் எடு. அவர்களுக்கு ஒரு கிண்ணம் நிறைய ஊற்று."

பிறகு கேத்தில் அவர் கைக்குப் போனது.

"ஞாயிறு பத்து மணி," என்றார். "சுவரும் ஓட வேண்டும்."

கிண்ணங்களை விரிப்பில் அடுக்கித் தன் கடைசிக் கோலைக் காட்டினார். எங்களுக்கு அது மனப்பாடம். கோல் விழும்வரை பொறுத்திருந்தோம். அன்று ஒருவரும் கிண்ணத்தைக் கையால் மூடவில்லை. எனக்கு அவர் ஊற்றிய தடவைகளை எண்ணிக்கொண்டிருந்தேன்.

பதினேழு.