மேலகரத்துக்கு ஒரு கோல்கீப்பர் வேண்டும்

எங்கள் மேலகரம் ஃபுட்பால் அணியின் கோல்கீப்பர் போலீஸ் டிரெயினிங்குக்குப் போய்விட்டான்.

ஞாயிற்றுக்கிழமை அரையிறுதி. புது ஆளின் பெயரைக் கொடுக்க இன்று சாயங்காலம்தான் கடைசி. கொடுக்காவிட்டால் ஆடாமலே தோற்றதாக அறிவித்துவிடுவார்கள்.

மத்தியானம் ரசிகர்கள் எல்லோரும் டீக்கடையில் உட்கார்ந்து புலம்பினோம்.

"புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்ல ஒருத்தன் இருக்கான். புலி மாதிரி பாயுதான்லே" என்றான் என் சேக்காளி சங்கர்.

உடனே போன் போட்டோம். அவன் நேற்றே வீரகேரளம்புதூர் அணியில் சேர்ந்துவிட்டானாம். அரையிறுதியில் எங்களோடு மோதுவதே அவர்கள்தான்.

"இவனுக்கு முன்னாடி நின்ன பழைய கீப்பரைக் கேட்டா என்ன?" என்றேன்.

"அவனுக்கு முட்டி போயிட்டுல்லா. மாடிப்படியே ஏற முடியல" என்றான் சங்கர்.

அணிச் செயலாளர் அண்ணாச்சி மெல்ல என் பக்கம் திரும்பினார்.

"ஏலே, நீ நல்ல உயரமாத்தான இருக்க?"

"அண்ணாச்சி, பந்து வந்தா எனக்குக் கண்ணு தன்னால மூடிரும்."

"மூடட்டும்லே. கையை மட்டும் நல்லா விரிச்சு வையி."

என் பெயரைக் கொடுத்துவிட்டார்கள்.

ஞாயிறு மேட்ச் பார்க்க வருகிறவர்கள் எங்கள் கோலுக்குப் பின்னால் நில்லுங்கள். பந்தை எடுத்துப் போட ஆள் தேவைப்படும். யார் யார் வருகிறீர்கள்?