கருங்கல்லில் எம்பிய எறும்பு

திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் துளைக்கிற ரிக் வண்டியில் ராடு மாட்டுகிற ஆளாகச் சேர்ந்தவன் நான். படிப்பு அஞ்சாம் வகுப்பு. ராடு மாட்டிய கையை வைத்தே சொந்தமாக ரெண்டு ரிக் வண்டி வாங்கினேன். முள்ளுகூட முளைக்காது என்று சொந்தக்காரர்கள் சிரித்த கல்லாங்காட்டில் தண்ணீர் எடுத்தேன். மூன்று கோழி ஷெட் போட்டேன், தென்னை வைத்தேன். ஒருத்தனும் ஒரு செங்கல் எடுத்துக் கொடுக்கவில்லை. எல்லாம் எழுந்து நின்ற பிறகு, "நான் சொல்லித்தான் செஞ்சான்" என்று சொல்ல மட்டும் நாலு பேர் வந்தார்கள். அதிலிருந்து யார் வாசலுக்கு வந்தாலும், நம்முடையதில் எதைத் தன்னுடையது என்று சொல்லப்போகிறார்களோ என்றுதான் பார்ப்பேன். இந்த எறும்பு விஷயத்திலும் அதுதான் நடந்தது.

மழை விட்ட சமயம், கல்லூரி டீச்சரம்மா ஒருவர் வந்தார். ஷெட்டுக்குப் பின்னால் மக்கிக் கிடந்த தென்னைமரத் துண்டுக்கு அடியில் எறும்பு பார்க்க வேண்டுமாம்.

"ஏனுங்க அம்மிணி, உங்க காலேஜுல எறும்பே இல்லீங்களா?"

"இந்த எறும்பு இல்லீங்க ஐயா."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. பக்கத்துப் பண்ணைக்காரன் அனுப்பிய ஆளாக இருக்கலாம். கோழிக்குச் சீக்கு என்று ஒரு பேச்சு கிளம்பினால் போதும், முட்டை வண்டி வாசலோடு திரும்பிவிடும். மருந்துத் தண்ணீரில் ரெண்டு தடவை காலை நனைக்கச் சொல்லித்தான் உள்ளே விட்டேன். "எங்க பண்ணைப் பேரு எதுலயும் வரக்கூடாதுங்க" என்றும் சொன்னேன். சரி என்றார். அப்புறம் ஒரு சேரைப் போட்டு அவருக்கு எதிரிலேயே உட்கார்ந்துகொண்டேன்.

எறும்பு என்னவோ அதிசயம்தான். அரை இஞ்சு நீளம், செங்கறுப்பு. சாரி சாரியாகப் போகாது, தனியாகத்தான் வேட்டைக்குப் போகும். ரெண்டு தாடையையும் தராசுத் தண்டு போல நேராக விரித்துக்கொண்டு நடக்கும். தாடைக்கு உள்பக்கம் மெல்லிய முடி இருக்கிறதாம், அதில் கறையான் உரசினால் முடிந்தது கதை. டீச்சரம்மா கோழி இறகின் நுனியால் தொட்டுக் காட்டினார். மூடியது கண்ணுக்குத் தெரியவில்லை. 'டிக்' என்று சத்தம் மட்டும் கேட்டது.

ஆபத்து வந்தால் அதே தாடையைத் தரையில் அடித்துப் பின்னால் பறக்குமாம். அதைப் படம் பிடிக்கத்தான் வந்திருந்தார். இயற்கையாக இருக்கட்டும் என்று புற்று மண்ணையே தட்டில் பொலபொலவென்று பரப்பி, எறும்பை விட்டார். அது அடித்தது. தலை மண்ணில் புதைந்ததுதான் மிச்சம். மூன்று நாள் வந்து பார்த்தும் இதே கதை.

நான் சும்மா இருப்பேனா? "அம்மிணி, ரிக் ஹாமர் சேத்துல அடிச்சா சேறு அடிய முழுங்கிரும். பாறையில அடிச்சாத்தான் திருப்பித் தள்ளும். கல்லுல விட்டுப் பாருங்க."

"எறும்பும் ரிக் வண்டியும் ஒண்ணுங்களா ஐயா?"

"அடி அடிதானுங்க!"

அஸ்திவாரத்துக்கு வாங்கி மீந்த கருங்கல்லை நானே தூக்கி வந்து வைத்தேன். எறும்பு தலையைத் தாழ்த்தியது. 'டிக்'. ஒரு ஜாண் தள்ளி, என் வேட்டிமேல் வந்து விழுந்து, கொட்டியும் விட்டது. டீச்சரம்மா கைதட்டிச் சிரித்தார். உடனே நோட்டில் என்னவோ எழுதினார். இங்கிலீஷ். அங்கேயே எனக்கு உறுத்தியது.

போன மாதம் அந்த எறும்பைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை போனில் வந்தது. மருமகளைப் படிக்கச் சொன்னேன். நன்றி சொல்கிற இடத்தில் கேமரா கொடுத்தவர் பேர் இருக்கிறது, வண்டி ஓட்டியவர் பேர் இருக்கிறது.

"என் பேரு?"

"'இடம் கொடுத்த நிலத்துக்காரர் ஒருவர்'னு போட்டிருக்குதுங்க மாமா."

டீச்சரம்மாவுக்குப் போன் போட்டேன்.

"பேரு வரக்கூடாதுன்னு நீங்கதானுங்களே ஐயா சொன்னீங்க?"

"பண்ணைப் பேரத்தான் போட வேண்டாம்னேன். எம்பேரப் போட வேண்டாம்னு எப்பச் சொன்னேன்?"

"பாக்கலாங்க ஐயா" என்று போனை வைத்துவிட்டார். பார்க்கலாம் என்று சொன்ன எத்தனை பேரைப் பார்த்துவிட்டேன்!

அதனால் இங்கேயே எழுதி வைக்கிறேன். நான் இடம் மட்டும் கொடுத்தவன் இல்லை. மண்ணில் எம்பாது, கல்லில் எம்பும் என்று சொன்னவன் நான். கல்லைச் சுமந்தவனும் நான். 'நிலத்துக்காரர் ஒருவர்' என்பதை அடித்துவிட்டு என் பேரை இனிஷியலோடு போட வேண்டும். எதற்கு நன்றி என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.