நாலாக மடித்த பிளான்

பூரணி அக்கா சும்மா உட்கார்ந்து பார்த்தவர்கள் பொகவந்தலாவைப் பக்கத்தில் யாரும் இல்லை. தையல் மெஷினில் உட்காருவார், ஆனால் அப்போதும் கால் ஆடிக்கொண்டிருப்பதால் அதைக் கணக்கில் சேர்க்க முடியாது. சோற்றை நடந்துகொண்டே சாப்பிடுவார். கோயிலில் நிற்கும்போதும் இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாறிக்கொண்டே இருப்பார். எந்தக் காலில் நின்று கேட்ட வரத்தைக் கொடுப்பது என்று சாமியே குழம்பிப் போயிருக்கும் என்பேன். உடனே திட்டுவார். நான் ஓட்டோ ஓட்டுகிறவன். அவரிடம் திட்டு வாங்காத நாளில் எனக்குப் பெட்ரோல் அடித்த மாதிரியே இருக்காது.

அக்கா தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர். பத்தடிக்குப் பன்னிரண்டடிக் காம்பராவில் எட்டுப் பேர். ஒருத்தர் புரண்டு படுத்தால் எட்டுப் பேரும் புரள வேண்டும். கல்யாணம் முடித்து, குவைத்தில் ஆறு வருஷம் வீட்டு வேலை செய்து, அந்தக் காசில் தோட்டத்துக்கு வெளியே றோட்டுக்கு மேலே ஒரு துண்டுக் காணி வாங்கினார். வருஷத்துக்கு ஒரு சுவராக வீட்டை எழுப்பினார். அவருடைய வீட்டுக்காரர் மாயாண்டி அண்ணன் கொழும்பில் பேக்கரி வேலை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வருவார், வந்ததும் தூங்குவார், எழும்பினால் பஸ்ஸுக்கு நேரமாகியிருக்கும்.

வீடு நல்ல வீடுதான். ஆனால் றோட்டிலிருந்து நூற்று நாற்பத்து மூன்று படி ஏற வேண்டும். அக்காவுக்கு வலது முழங்கால் போய்விட்டது. சட்டை தைக்கக் கொடுக்க வருகிறவர்கள் கீழேயே நின்று, "அக்கோய், போன தடவ அளவுதான்!" என்று துணியை எறிந்துவிட்டுப் போகிறார்கள். போன தடவைக்கும் இந்தத் தடவைக்கும் நடுவில் சிலர் இரண்டு சுற்றுப் பெருத்திருப்பார்கள். யாருடைய சட்டையும் யாருக்கும் சேராமல், பாதிப் பேர் வேறு தையல்காரரிடம் போய்விட்டார்கள்.

அப்போதுதான் ஹட்டன் டவுனில் சுதர்ஷினி டீச்சரின் வீடு விலைக்கு வந்தது. சின்ன வீடு. ஆனால் வாசலில் றோட்டு, முன்னறையில் பெரிய ஜன்னல். மெஷினை அங்கே போட்டால் பஸ்ஸில் போகிறவர்கள்கூட ஜன்னல் வழியாக அளவு கொடுக்கலாம். டீச்சர் மகனோடு இருக்கக் கொழும்புக்குப் போகிறார். அக்கா அட்வான்ஸ் கொடுத்தார்.

டீச்சர் தெளிவாகச் சொல்லிவிட்டார். "பூரணி, மாசக் கடைசி வரைக்கும்தான். அதுக்குப் பொறகு இன்னொரு ஆள் கேட்டுக்கிட்டு நிக்கிறாங்க. கோவிச்சுக்கக்கூடாது."

ஆக, இதை விற்றால்தான் அது. கையில் இருந்தது இருபத்தாறு நாள். அக்கா அன்றைக்கே சாமான்களைக் கட்ட ஆரம்பித்துவிட்டார். மறுநாள் தேத்தண்ணீர் குடிக்கக் கோப்பை இல்லை, எல்லாம் மூட்டைக்குள். எனக்குச் சட்டி மூடியில் ஊற்றிக் கொடுத்தார்.

வீடு பார்க்க ஆட்கள் வந்தார்கள். வட்டவளையிலிருந்து வந்தவர் அறுபதாவது படியில் உட்கார்ந்து, "நல்ல வீடுங்க" என்று வீட்டைப் பார்க்காமலேயே சொல்லிவிட்டு இறங்கிப் போனார். இன்னொரு குடும்பத்துக்கு எல்லாம் பிடித்திருந்தது. ஆனால் மருமகளின் காலில் ஒரு அட்டை ஏறி, அவள் போட்ட சத்தத்தில் கீழே நின்ற பஸ் ஆள் ஏற்றாமலேயே கிளம்பிவிட்டது. மூன்றாவது ஆள் வந்த நேரம் பனிமூட்டம். வீட்டுக்கு முன்னால் நின்றுகொண்டே, "வீடு எங்க?" என்று கேட்டார்.

பன்னிரண்டாவது நாள் ஹட்டனில் கடை வைத்திருக்கும் மஃறூப் முதலாளி தன் மனைவி உம்மு குல்சும்மோடு வந்தார். படி ஏறி முடித்தும் மூச்சு வாங்கவில்லை. சிவனொளிபாத மலைக்குப் போகிறவர்கள் ஒரு நாள் தங்குகிற மாதிரி நாலு அறை கட்டலாம் என்பது அவருடைய யோசனை. சுவரைத் தட்டினார், கூரையைப் பார்த்தார், விலையையும் ஒத்துக்கொண்டார். கடைசியில் குழாயைத் திறந்தார். தண்ணீர் பாய்ந்து வந்து அவருடைய இடுப்புச் சாரத்தை நனைத்தது.

"மாஷா அல்லாஹ்! எங்க இருந்து வருது தங்கச்சி?"

"மேல ஊத்துங்க முதலாளி. காளியக்கா குடுக்கிறாங்க."

"குடுக்கிறதா? எழுத்துல இருக்கா?"

அக்காவின் முகம் இறங்கிவிட்டது. எழுத்தும் இல்லை, ஒன்றும் இல்லை.

காளியாயி மேல் வீட்டுக்காரி. அறுபது வயது, குரலுக்கு மட்டும் பதினெட்டு. நாம் ஹட்டனில் தும்மினால் அவர் இங்கே இருந்தே ஏசுவார். ஊற்று அவருடைய குசினிக்குப் பின்னால், போஞ்சிக் கொடிக்கும் மேலே. கொய்யா மரம்தான் எல்லை, அதற்கு மேலே எல்லாம் தன்னுடையது என்று பூரணி அக்கா காணி வாங்கி வந்த அன்றே சொன்னவர். மனசு வைத்து ஒரு கறுப்புக் குழாய் போட அனுமதி கொடுத்தார். அதற்கு நன்றியாக அக்கா பதினாலு வருஷமாக அவருக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறார், கூலி இல்லாமல். பொங்கலுக்கு ஒன்று, தீபாவளிக்கு ஒன்று, திருவிழாவுக்கு ஒன்று. யாராவது செத்துப் போனால் அவசரத்துக்கு இன்னொன்று. காளியாயியிடம் இருக்கிற சட்டைக்கு இந்தத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற எல்லாரும் வரிசையாக உடுத்திப் போகலாம்.

"காளியக்கா, முதலாளிக்கும் தண்ணி தாரேன்னு ஒரு எழுத்து எழுதித் தாங்கக்கா" என்று பூரணி அக்கா போய் நின்றார்.

"ஏன்டி, தண்ணி ஒனக்குக் குடுத்தேன். வீட்டுக்கா குடுத்தேன்? நீ போனா தண்ணியும் போகும்."

"அப்ப வீடு விக்காதுக்கா."

"விக்காட்டி இரு. யாரு போகச் சொன்னா?"

ஒரு வாரம் அக்கா மேலே ஏறினார், இறங்கினார். வடை சுட்டுக் கொண்டுபோனார். காளியாயி வடையைத் தின்றுவிட்டு, உப்புக் கூட என்றார். ஒரு நாளில் அக்கா எனக்குப் பதினேழு தடவை போன் எடுத்தார். "தம்பி, முதலாளி ஏதும் சொன்னாரா?" ஐந்து நிமிஷம் கழித்து, "இப்ப?" என்பார். மாதம் முடிய ஆறு நாள் இருக்கும்போது, "நொத்தாரிஸ் மிஸ்ஸ கேப்போம், வண்டிய எடு" என்று காணிக் கடதாசிகளைத் தூக்கிக்கொண்டு வந்து ஏறினார்.

ஹட்டனில் உறுதிப் பத்திரம் எழுதுகிற நொத்தாரிஸ் மிஸ் கடதாசிகளைப் புரட்டினார். உறுதி இருந்தது. "பிளான் எங்க?" என்றார்.

அக்கா பெருமையாக ஒன்றை நீட்டினார். கையகலத்தில், கண்ணாடி மாதிரி பளபளவென்று, தட்டினால் டொக்கென்று சத்தம் வந்தது. மிஸ் அதை இப்படித் திருப்பினார், அப்படித் திருப்பினார்.

"இது என்ன?"

"பிளான்தாங்க மிஸ். காணி வாங்குன அன்னைக்கே லெமினேட் பண்ணிட்டேன்."

"மடிச்சபடியேவா?"

"விரிச்சா பெருசா இருக்குன்னாங்க, மெஷினுக்குள்ள போகாதுன்னாங்க. அதான் நாலா மடிச்சு... நனையக்கூடாதுல்லங்க மிஸ்?"

எனக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் சிரிக்கவில்லை. அவர்கள் பரம்பரையிலேயே சொந்தப் பேரில் வந்த முதல் மண் அது. அதை எங்கள் மழையில் வைத்துக் காப்பாற்ற வேறு வழி அவருக்குத் தெரியவில்லை. காப்பாற்றியதில் பதினாலு வருஷமாக அதை யாரும் படிக்கவில்லை, அவ்வளவுதான்.

மிஸ் பிளேடு எடுத்து நாலு ஓரமும் வெட்டினார். பிளான் பொரித்த அப்பளம் மாதிரி மொறுமொறுவென்று விரிந்தது. உள்ளே இருந்த பக்கத்தைப் பார்த்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, மறுபடியும் பார்த்தார்.

"ஒங்க காணிக்கு ஒரு வால் இருக்கு, தெரியுமா?"

"வாலாங்க?"

"மேல் வீட்டுக்குப் பக்கத்தால நீளமா மேல போகுது. அந்த வால் நுனியிலதான் ஊத்துன்னு போட்டிருக்கு. ஊத்து ஒங்களோடதும்மா."

அக்கா நாற்காலியில் உட்கார்ந்தார். நான் சத்தியமாகப் பார்த்தேன். கால் ஆடவில்லை.

முதலாளி கேள்விப்பட்டதும் மூன்றே நாளில் சேர்வேயரோடு வந்துவிட்டார். சேர்வேயர் சங்கிலி பிடித்து, கொய்யா மரத்தைத் தாண்டி, போஞ்சிக் கொடியைத் தாண்டி மேலே போனார். மானாப்புல்லை வெட்டினால், எல்லைக் கல் நம்பரோடு உட்கார்ந்திருந்தது. ஊற்று கல்லுக்கு இந்தப் பக்கம், நாலடி உள்ளே.

காளியாயி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மலையகத்தில் மழை விட்ட நாள் இருக்கும், காளியாயி பேச்சு விட்ட நாள் அதுதான் முதல்.

"ஏன்க்கா," என்றார் பூரணி அக்கா, "என் தண்ணிக்கா நான் ஒங்களுக்குப் பதினாலு வருஷமா சட்டை தச்சேன்?"

"எனக்கு மட்டும் தெரியுமா? எனக்கும் கொய்யா மரம்னுதான் சொன்னாங்க. நீ தச்ச சட்டையும் கை எல்லாம் இறுக்கம், தூக்கவே முடியாது." சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார்.

முதலாளிக்கு ஒரே சந்தோஷம். "வியாழக்கிழம உறுதி எழுதுவோம் தங்கச்சி. மேல் வீட்டுக்குப் போற குழாய நான் வெட்டிக்கிறேன். நாலு ரூமுக்கு வாறவங்க குளிக்கணும், எனக்கு முழுத் தண்ணியும் வேணும்."

காளியாயிக்கு வேறு தண்ணீர் கிடையாது. கீழே றோட்டுக் குழாய்தான். அங்கே இருந்து நூற்று நாற்பத்து மூன்று படி, அதற்கு மேல் இன்னும் முப்பது.

"மேல் வீட்டுக்கு அரை இஞ்ச் குழாய் ஒன்னு உறுதியில எழுதணுங்க முதலாளி" என்றார் அக்கா.

"அது சரிவராது. யோசிச்சுச் சொல்லுங்க. வியாழக்கிழம தாண்டினா எனக்கு நல்லதண்ணி ஊர்ல வேற எடம் இருக்கு."

அன்றைக்குச் செவ்வாய்க்கிழமை. வெள்ளியோடு மாதம் முடிகிறது. அக்கா வாசலில் நடந்த நடையில் சிமெண்ட் தேய்ந்து தரையே இரண்டு அங்குலம் இறங்கியிருக்கும்.

"கையெழுத்தப் போடுங்கக்கா" என்றேன். "அந்தம்மா ஒங்களுக்கு எழுதிக் குடுத்திச்சா?"

"அவ வந்து ஒரு வார்த்த கேக்கட்டுமே தம்பி. தண்ணி வேணும் பூரணின்னு ஒரு வார்த்த. வாய் வாயா பேசுறவளுக்கு இது வரலையே!"

காளியாயி கேட்கவில்லை. புதன்கிழமை காலையில் வேறு வேலை செய்தார். குழாயில் தண்ணீர் வந்துகொண்டிருக்கும்போதே, இரண்டு வாளியை எடுத்துக்கொண்டு கீழே றோட்டுக் குழாய்க்குப் போனார். நிரப்பி, படிப்படியாக ஏறி, பூரணி அக்காவின் வாசலுக்கு நேரே வந்ததும் வாளியை டங்கென்று வைத்து, இடுப்பைப் பிடித்து ஒரு பெருமூச்சு விட்டார். அந்தப் பெருமூச்சில் தேயிலைச் செடியெல்லாம் ஒரு பக்கம் சாய்ந்தது.

"என்னாக்கா இது? குழாயில தண்ணி வருதே!"

"நீ ஒன் வேலயப் பாரு. நான் பழகிக்கிறேன்."

மூன்றாவது நடையில் பாதித் தண்ணீர் படியில் கொட்டிவிட்டது, சேலையெல்லாம் ஈரம். முழங்கையை எங்கேயோ சிராய்த்திருந்தார். அப்போது பெருமூச்சு விடவில்லை, வாளியை வைத்துவிட்டு ஈரச் சேலையால் முழங்கையை ஒற்றினார். பூரணி அக்கா என் போனைப் பிடுங்கி முதலாளிக்கு எடுத்தார்.

"முதலாளி, அரை இஞ்ச் குழாய் எழுதுனா கையெழுத்து. இல்லாட்டி நீங்க நல்லதண்ணிக்கே போங்க!"

சொல்லிவிட்டு அக்காவே பயந்துபோனார். ஹட்டன் வீடு, பெரிய ஜன்னல், அட்வான்ஸ் எல்லாம் அந்த ஒரு வாக்கியத்தில் தொங்கியது. அந்தப் பக்கம் முதலாளி ஏதோ சொல்ல, நடுவில் ஒரு பெண் குரல் கேட்டது. உம்மு குல்சும் போனை வாங்கியிருந்தார்.

"பூரணி, இவர் சொல்லுறத விடுங்க. மேல ஒரு பொம்பளைக்குத் தண்ணி இல்லாம, கீழ நாங்க எப்பிடி நிம்மதியா இருக்கிறது? அந்தப் பொம்பளட குரல நான் கேட்டீக்கிறேன். காலையில இருந்து மஃரிப் தொழுகை வரைக்கும் ஏசினா, வந்து தங்குறவங்க காசத் திருப்பிக் கேட்டுட்டுப் போயிருவாங்க. எழுதுங்க."

பின்னால் முதலாளியின் குரல்: "அப்ப அந்தக் கறுப்புத் தண்ணி டேங்க விட்டுட்டுப் போகச் சொல்லு!"

டேங்கைக் கழுவி, கயிறு போட்டுக் கட்டி, ஹட்டனுக்குக் கொண்டுபோகத் தயாராக வைத்திருந்தார் அக்கா. அதை ஒரு தடவை பார்த்தார். "எடுத்துக்கிடுங்க" என்றார்.

வியாழக்கிழமை உறுதிக்கு இரண்டு சாட்சி வேண்டும். ஒன்று நான். இன்னொன்று, யாரும் கூப்பிடாமலேயே, புதுச் சட்டை போட்டு ஓட்டோவில் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்திருந்த காளியாயி. மிஸ் எல்லாவற்றையும் வாசித்தார். மேல் வீட்டுக்கு என்றைக்கும் அரை இஞ்ச் குழாயில் தண்ணீர் எடுக்கும் உரிமை உண்டு என்று வந்ததும், காளியாயி கையைத் தூக்கினார்.

"அரையா? முக்கால்னு போடுங்க மிஸ். அரை அடைச்சுக்கும்."

முதலாளி எழும்பிவிட்டார். உம்மு குல்சும் அவருடைய கையைப் பிடித்து உட்கார வைத்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

"அரைதான்!" என்றார் பூரணி அக்கா. "பேனாவப் பிடிங்க, காளியக்கா. பேசாமப் போடுங்க."

காளியாயி முணுமுணுத்துக்கொண்டே, ஒவ்வொரு எழுத்தாக, கொழுந்து கிள்ளுகிற மாதிரி கையெழுத்துப் போட்டார். அதற்குள் பூரணி அக்கா வாசலுக்குப் போய்விட்டார். டீச்சர் மனசு மாறுவதற்குள் போக வேண்டும், வண்டியை எடு, எடு என்று ஒரே அவசரம். நான் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு வந்து பார்த்தால், பின் சீட்டில் அக்காவுக்கு முந்தியே காளியாயி.

"நீங்க எங்கக்கா?"

"எங்கயாம்! புது வீட்டுல தண்ணி எப்பிடின்னு யாரு பாக்கிறது? நீ எதையும் விரிச்சுப் பாக்காம வாங்குறவ. தள்ளி உக்காரு."

அக்கா தள்ளி உட்கார்ந்தார். உட்கார்ந்த இடத்தில் மறுபடியும் கால் ஆட ஆரம்பித்திருந்தது.