பெட்ரோல் மூடியில் சந்தனம்

"...பேரீச்சம்பழக்காரன்கூட இதை எடுத்துக்க மாட்டான், இதுல நான் ஏறணுமாக்கும்" என்றாள் என் மனைவி.

பழைய இரும்புக் கடைகளில் பொறுக்கிய பாகங்களை வைத்து, ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் நானே பூட்டிய மோட்டார் சைக்கிள். உதைத்ததும் கிளம்பியது. சந்தனம் குங்குமம் வைத்து, அவளையும் ஏற்றிக்கொண்டு மலைக்கோட்டைக்குப் புறப்பட்டேன்.

காவிரிப் பாலத்தின் நடுவில் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வந்த பஸ் இடிக்காத குறையாக நின்றது.

"வீட்டுல சொல்லிட்டு வந்துட்டீங்களா?" என்றார் டிரைவர்.

"வீட்டையே பின்னாடி உட்கார வச்சிருக்காரு" என்றாள் இவள்.

ஓரமாகத் தள்ளிக்கொண்டுபோய்ப் பார்த்தால், பெட்ரோல் மூடியிலிருந்த காற்றுத் துளையைச் சந்தனம் அடைத்திருந்தது. காற்றில்லாமல் பெட்ரோல் எப்படி இறங்கும்? துடைத்துவிட்டு உதைத்தேன்; பாலமே அதிரக் கிளம்பியது. இப்போதெல்லாம் சந்தனப் பொட்டு முன்விளக்குக்கு மட்டும்தான்.

அன்று மலைக்கோட்டையில் நிறுத்தினேன். அவள் இறங்கவில்லை. "மன்னார்புரம் வரைக்கும் போயிட்டு வரலாமே" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.